காணிக்கைக் கவரும் கணக்குப் புத்தகமும்

அண்ணாச்சிக்கு,

மும்பைக்குப் பக்கத்திலுள்ள கல்யாண் ஊரிலிருந்து எழுதுகிறேன். பவாயில் ஐடி வேலை. தசமபாகத்தை, அதாவது சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கை, மொத்தச் சம்பளத்தில்தான் கணக்கிட வேண்டும் என்கிறார் எங்கள் தமிழ்ச் சபை பாஸ்டர். கைக்கு வருவதில் கொடுத்தால் போதாதா? போன மாதம் கட்டிட நிதிப் பட்டியலைத் தொகையோடு சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். வேலை போய் வீட்டிலிருக்கும் அப்பாவின் பெயருக்கு நேரே வெறும் கோடு. அன்றிலிருந்து அவர் ஆராதனைக்கு வருவதில்லை. சபைக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு ஏழைகளுக்கு நேரடியாகக் கொடுத்துவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

தம்பி,

மொத்தச் சம்பளமா, கைக்கு வருவதா என்பதை உங்கள் மனசுக்கு விட்டுவிடுகிறேன். பிஎஃப் பிடித்தது போகவா, சேர்த்தா என்று மோசே எழுதி வைக்கவில்லை. பைபிளில் உபாகமம் 14ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். தானியம், திராட்சரசம், எண்ணெய் என்று விளைந்ததில் கொடுத்த பங்கு அது. கொடுத்தவனே அதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டும். மூன்றாம் வருடம் அது லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். தசமபாகத்தைக் கொண்டுவாருங்கள் என்கிற மல்கியா புத்தகத்தைத் தாண்டி உங்கள் பாஸ்டர் வரவில்லை போலிருக்கிறது. போகட்டும்.

அப்பா பெயருக்கு நேரே போட்ட அந்தக் கோடுதான் என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

தாராவியில் நாங்கள் இருந்த ஒற்றை அறையில், ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் அம்மா ஒரு டால்டா டப்பா வைத்திருப்பாள். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி டப்பாவில் போடுவாள். பிடியரிசிக் காணிக்கை. ரேஷன் அரிசிதான், கல் பொறுக்கித்தான் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டு டப்பாவும் சபைக் கோயிலில் ஒரே சாக்கில் கவிழும். புழுங்கல், பச்சை, ரேஷன் எல்லாம் கலந்து கிடக்கும் அந்த அரிசி சோற்றுக்கு லாயக்கில்லை, இட்லிக்கு ஆகும் என்று யாராவது ஏலத்தில் எடுப்பார்கள். மில்லில் அப்பாவுக்குச் சம்பளம் இழுத்தடித்த வாரங்களில் அம்மாவின் பிடி சின்னதாகிவிடும். அது அவளுக்குத் தெரியும், பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியும். சாக்குக்குத் தெரியாது.

நெல்லைச் சீமையிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்த பழக்கம் அது. அந்தச் சீமையில்தான் 1903இல், பின்னாளில் பிஷப்பான வி.எஸ். அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள், வெளிநாட்டுக் காசை நம்பாமல் நம் ஜனங்கள் கொடுப்பதில் நடத்துவோம் என்று. கேட்க அவர்கள் கூச்சப்படவில்லை. நானும் சபை கேட்பதைக் குறை சொல்லமாட்டேன். ஃபேன் ஓட வேண்டும், பாஸ்டர் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும்.

சபையில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பெயர் சொல்லித்தானே கூவுகிறார்கள் என்று கேட்பீர்கள். ஒரு முட்டையை ஐநூறுக்கு எடுத்தவர், திரும்ப ஏலம் விடுங்கள் என்று அதையே மேசையில் வைப்பார், கூட்டம் சிரிக்கும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அங்கே வாய் திறக்காதவன் பெயரை யாரும் வாசிப்பதில்லை.

நான் பல வருடமாகச் சொல்லிச் சலித்த விஷயம் ஒன்று உண்டு, இன்னொரு தடவை சொல்கிறேன். காணிக்கை எடுக்கும் நேரத்தில் பிரசங்கியார் இரண்டாம் கொரிந்தியர் 9:7ஐ எடுப்பார், உற்சாகமாய்க் கொடுக்கிறவனைப் பற்றி. அதற்கு முந்திய அதிகாரத்தின் 20ஆம் வசனத்தை எடுத்துப் பேசி நான் கேட்டதே இல்லை. எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பெரிய தொகையைப் பற்றி நாளைக்கு யாரும் தன்மேல் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று பவுல் பயப்படுகிறார். அதனால் தன் உடன் ஊழியன் தீத்துவோடு, சபைகளே தெரிந்தெடுத்த ஆளையும் கூட அனுப்புகிறார். அப்போஸ்தலனுக்கே சாட்சி தேவைப்பட்டது. நம் கமிட்டிக்குத் தேவையில்லையாம்! யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது குழுவில் இருநூறு பேருக்குத் தெரிகிறது. வந்த பணத்தில் சிமெண்டுக்கு எவ்வளவு, கான்ட்ராக்டருக்கு எவ்வளவு என்பது நான்கு பேருக்குத் தெரிந்தால் அதிகம். மகாராஷ்டிராவில் டிரஸ்டாகப் பதிவான சபை, 1950ஆம் வருடச் சட்டப்படி ஆடிட் செய்த கணக்கை சாரிட்டி கமிஷனருக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த ஆபீஸ் ஃபைலுக்குள் போகிற அந்தத் தாளைக் கோயில் நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் என்ன குடி முழுகிவிடும்? பட்டியல் போட அவ்வளவு ஆசை இருந்தால் செலவுப் பட்டியலைப் போடட்டும்.

இப்போது உங்களிடம் வருகிறேன். ஏழைகளுக்கு நேரடியாகக் கொடுப்பேன் என்று சொல்பவர்களை எனக்கு நிறையத் தெரியும். முதல் மாதம் கொடுப்பார்கள். நாலாவது மாதம் அந்தக் காசு ஈஎம்ஐக்குள் போய்விடும். கொடுக்கிறதென்றால் இரண்டு இடத்திலும் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? அப்புறம், வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசித்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? வெளியே பிரியாணி வரிசையில்தானே? எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்காமல், இங்கே எனக்கு மெயில் அனுப்புவது சுலபம்.

செயலாளரைப் போய்ப் பாருங்கள். குழுவில் சண்டை போடாதீர்கள், நேரில் போங்கள். அந்தப் பட்டியலை எடுக்கச் சொல்லுங்கள், உங்கள் அப்பாவின் பெயரை மட்டுமல்ல, முழுப் பட்டியலையும். பிறகு கட்டிட நிதிக் கணக்கைக் கேளுங்கள். அப்பாவிடம் அண்ணாச்சி விசாரித்ததாகச் சொல்லுங்கள். அடுத்த மாதம் கல்யாண் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன், அவர் வீட்டில் இருப்பாரா என்று கேட்டு எழுதுங்கள்.