அசிமோவின் ஃபவுண்டேஷன் நாவல்களைத் திரும்பவும் படமாக எடுத்தால் எப்படி எடுக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: ஆப்பிள் டிவியில் 2021 முதல் ஃபவுண்டேஷன் தொடர் வந்துகொண்டிருக்கிறது, பார்க்க நன்றாகவும் இருக்கிறது, ஆனால் நாவலைப் படித்தவர்களுக்கு மனம் ஆறவில்லை, இன்னொரு தடவை, இந்த முறை சினிமாவாகவே எடுப்பதென்றால் எப்படி எடுக்கலாம்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்குக் கதாநாயகன் தேடாதீர்கள். தேடியவர்கள் எல்லாரும் அங்கேதான் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. விண்மீன் மண்டலம் முழுவதையும் ஆளுகிற ஒரு பேரரசு. ஹாரி செல்டன் என்ற கணித அறிஞர் அது விழப்போகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார். விழுந்தால் 30,000 ஆண்டு இருட்டு. அதை 1,000 ஆண்டாகக் குறைக்க, மண்டலத்தின் ஓரத்தில் டெர்மினஸ் என்ற ஒன்றுமில்லாத கிரகத்தில் அறிஞர்களைக் குடிவைக்கிறார், அதுதான் ஃபவுண்டேஷன். அவர் செத்த பிறகும், நெருக்கடி வரும் என்று கணித்த நாட்களில், பதிவு செய்து வைத்த அவருடைய உருவம் ஒரு பெட்டக அறையில் தோன்றிப் பேசும். முதல் தடவை 50-வது ஆண்டில், அடுத்தது 80-வது ஆண்டில். இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கதை போகும், ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒருவரைப் பிடித்துப்போய் அவர் பின்னால் நடக்கத் தொடங்கினால் அடுத்த பாகத்தில் அவர் பெயர் ஒரு தெருவுக்கோ சிலைக்கோ போயிருக்கும்.

இது முதலில் நாவலாக எழுதப்பட்டதே இல்லை. 1942 மே மாதம் தொடங்கி 1950 ஜனவரி வரை ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் தனித்தனிக் கதைகளாக வந்து, அப்புறம் 1951, 52, 53-இல் மூன்று புத்தகமாகக் கட்டப்பட்டது. அந்தப் புத்தகங்கள் வந்த காலத்தில்தான் நம் ஊரில் பொன்னியின் செல்வன் வாரம் வாரம் வந்துகொண்டிருந்தது. ஆனால் அங்கே வந்தியத்தேவன் என்று ஒருவன் குதிரையில் ஏறி நம்மையும் பின்னால் ஏற்றிக்கொள்கிறான், ஐந்து பாகத்தை 2022-இலும் 2023-இலும் இரண்டு படமாக ஆக்க முடிந்ததற்கு அது பெரிய உதவி. ஃபவுண்டேஷனில் அப்படிக் குதிரை கிடையாது. சினிமாக்காரர்களுக்குப் பயம் வருவது நியாயம்தான்.

அந்தப் பயத்தில் ஆப்பிள் தொடர் என்ன செய்தது என்றால், அதே நடிகர்கள் நூற்றாண்டுகளைத் தாண்டி வரவேண்டும் என்பதற்காகச் சிலரை உறைநிலைத் தூக்கத்தில் போட்டது, பேரரசரைக் குளோன் ஆக்கி ஒரே முகம் மாறி மாறி அரியணையில் உட்காரும்படி செய்தது. குளோன் பேரரசர்கள் நாவலில் இல்லை. தனியாகப் பார்த்தால் அது அருமையான கற்பனை, பேரரசராக வரும் லீ பேஸ் நடிப்பைப் பார்க்கவே உட்காரலாம். நாவலில் ஆண்களாக வரும் கால் டோர்னிக்கையும் சால்வர் ஹார்டினையும் பெண்களாக மாற்றியதிலும் எனக்குக் குறை இல்லை, முதல் புத்தகத்தில் பெண் என்று சொல்ல அநேகமாக ஆளே கிடையாது, அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். என் வருத்தம் வேறு. விசேஷ சக்தி உள்ள, விதி தேர்ந்தெடுத்த ஆட்கள் கதையைத் தூக்கிச் சுமக்க ஆரம்பித்ததும் செல்டனுடைய கணக்கே அடிபட்டுப் போகிறது. உளவரலாற்றியல் என்று அவர் வைத்த சாஸ்திரத்தின் முதல் விதியே, தனி மனிதனைக் கணிக்க முடியாது, பெருங்கூட்டத்தைத்தான் கணிக்க முடியும் என்பது. அந்தக் கூட்டத்துக்குத் தன்னைப் பற்றிய கணிப்பு தெரிந்திருக்கவும் கூடாது.

இதைத் திருநெல்வேலிக்காரனுக்கு விளக்க இரண்டு நிமிஷம் போதும். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் இழுக்கிறோம். வடத்தைப் பிடித்த ஆயிரக்கணக்கான பேரில் யார் இப்போது இழுக்கிறான், யார் சும்மா கை வைத்திருக்கிறான், யார் தண்ணீர் குடிக்க நழுவினான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தேர் நான்கு ரத வீதியும் சுற்றி நிலைக்கு வந்துசேரும் என்று எல்லாருக்கும் தெரியும். செல்டன் பார்ப்பது தேரைத்தான், வடம் பிடித்தவனை இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் படம் பார்க்கிறவன் முதல் அரை மணி நேரத்துக்குள் உடம்பில் உணரவேண்டும், வசனத்தில் இல்லை.

சரி, ஆள் இல்லாமல் எப்படிக் கதை சொல்வது? இதற்கு எனக்கு விடை கிடைத்தது எங்கள் வீட்டில்.

என் பெரியப்பா அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் முப்பது வருஷத்துக்கு மேல் குடம் அடித்தவர். கோயில் கொடை என்று எங்கள் பக்கம் சொல்கிற ஊர்த் திருவிழாக்களுக்கெல்லாம் கூடவே போய் மேடைக்குக் கீழே சாக்கு விரித்துப் படுத்துக்கிடந்தவன் நான். வில்லுப்பாட்டில் ஒரு ராசா பிறப்பார், வளர்வார், சாவார், அவர் மகன் வருவான், பேரன் வருவான், எல்லாம் ஒரே ராத்திரிக்குள். புலவர் வீசுகோலால் வில் நாணில் ஒரு அடி அடித்து, மணியெல்லாம் சேர்ந்து குலுங்க, பன்னிரண்டு வருஷம் போச்சுது என்பார், பக்கத்தில் உட்கார்ந்தவர் ஆமா என்பார், அவ்வளவுதான், பன்னிரண்டு வருஷம் போய்விட்டது. ஒரு ஆளும் ஏன் எப்படி என்று கேட்கமாட்டான். கதை யாருடையது என்று கேட்டால் எந்த ராசா பெயரையும் சொல்லமாட்டார்கள், சாமி கதை என்பார்கள். ஆட்கள் வந்து போவார்கள், சாமி வந்து இறங்குகிற நேரத்தை நோக்கி ராத்திரி முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும்.

பெரியப்பாவிடம் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து ஃபவுண்டேஷன் கதையைச் சொன்னேன். செத்த மனுஷன் பெட்டகத்தில் வந்து பேசுகிற இடத்தை மட்டும் இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். அப்புறம் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்: “ஏல, அந்தச் செத்தவன் சொன்னது ஒரு தடவ தப்பாப் போச்சுன்னா சனம் என்னல செய்யும்?”

எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. ஏனென்றால் நான் இன்னும் அந்த இடத்துக்கு வரவே இல்லை. இரண்டாவது புத்தகத்தின் உயிரே அந்தக் கேள்விதான்.

அந்தக் காட்சியைச் சொல்கிறேன். ஃபவுண்டேஷன் அமைந்து முந்நூறு ஆண்டு ஆகிவிட்டது. ம்யூல் என்று ஒருவன் கிரகம் கிரகமாகப் பிடித்துக்கொண்டு வருகிறான். அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. டெர்மினஸில் எல்லாருக்கும் ஒரே நம்பிக்கை, இன்றைக்குச் செல்டன் தோன்றுவார், வழி சொல்வார். மேயரிலிருந்து எல்லாரும் பெட்டக அறையில் கூடிக் காத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் அந்தக் கிழவர் தோன்றுகிறார். பேச ஆரம்பிக்கிறார். வியாபாரிகளுக்கும் ஃபவுண்டேஷனுக்கும் நடக்கும் உள்நாட்டுச் சண்டையைப் பற்றிப் பேசுகிறார், அப்படி ஒரு சண்டை நடக்கவே இல்லை. ம்யூல் பெயரே அவர் வாயில் வரவில்லை. தனி ஒருவன் பிறந்து வந்து வடத்தை அறுப்பான் என்று அவர் கணக்கில் எப்படி வரும்? அவர் பாட்டுக்கு அமைதியாகப் பேசிக்கொண்டே இருக்க, கேட்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அப்புறம் ஒருவர் கவனிக்கிறார், கடிகாரம் நின்றுவிட்டது. எல்லாம் அணுசக்தியில் ஓடுகிற கடிகாரங்கள். எதிரி வந்துவிட்டான்.

இப்போது முதல் புத்தகத்துக்குத் திரும்புங்கள். 80-வது ஆண்டில் அனக்ரியான் என்ற பக்கத்து நாடு படையெடுக்கிறது, மேயர் ஹார்டின் தன்னந்தனியாக எதிரி அரண்மனையில் உட்கார்ந்திருக்கிறார், கையில் ஆயுதம் இல்லை. சரியாக நள்ளிரவில் அரண்மனை விளக்குகள் அணைகின்றன. அந்த நாட்டின் மின்நிலையங்களை நடத்துகிறவர்கள் ஃபவுண்டேஷன் பழக்கிவிட்ட பூசாரிகள், அவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். படையெடுத்துப் போன போர்க்கப்பலில் இருக்கும் பூசாரி சாபம் கொடுக்க, அந்தக் கப்பலே செத்துப்போகிறது. ஒரு குண்டு வெடிக்காமல் போர் முடிகிறது.

ஆக, எந்தச் சக்தியை நிறுத்தி ஃபவுண்டேஷன் ஜெயித்ததோ அதே சக்தி இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து அதன் வீட்டுக்குள்ளேயே நின்றுபோகிறது. இந்த இரண்டு காட்சியையும் ஒரே மாதிரி எடுக்கவேண்டும், அதே அமைதி, அதே கேமரா உயரம், இயந்திர இரைச்சல் அடங்குகிற அதே சத்தம். முதல் படத்தில் அந்தச் சத்தம் அடங்கும்போது தியேட்டர் கைதட்ட வேண்டும், இரண்டாம் படத்தில் அதே சத்தம் அடங்கும்போது ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. பெரியப்பா இதைத்தான் செய்வார், முதல் பலிக்கு அடித்த அடியை ரெண்டாம் பலிக்கு அப்படியே திரும்பக் கொண்டுவருவார், தூங்குகிற பிள்ளைகூட எழுந்து உட்காரும். ஆட்கள் மாறினாலும் கதை ஒன்று என்பதை இப்படித்தான் காட்ட முடியும், உறைநிலைத் தூக்கம் தேவையில்லை.

எதை வெட்டுவது என்று கேட்பீர்கள். கொடையில் சாமியாட்ட நேரம் நெருங்கிவிட்டால் புலவர் கதையைச் சுருக்குவார், நேரம் இருந்தால் விரிப்பார். எங்கே வேண்டுமானாலும் சுருக்குவார், சனம் எதற்காக விழித்திருக்கிறதோ அந்த இடத்தில் கை வைக்கமாட்டார். டியூன் நாவலை 1984-இல் 137 நிமிஷத்துக்குள் அடைத்தார்கள், எல்லா இடத்தையும் சமமாகச் சுருக்கியதில் எந்த இடமும் நிற்கவில்லை. இயக்குநர் டெனி வில்நெவ் அதே ஒரு புத்தகத்தை 2021-இலும் 2024-இலும் இரண்டு படமாகப் பிரித்தார், பாலைவனத்தில் சும்மா நிற்பதற்குக்கூட நேரம் கொடுத்தார். ஃபவுண்டேஷனுக்கு மூன்று படம் போதும். முதல் படம் செல்டன் மேல் நடக்கும் விசாரணையில் ஆரம்பித்து அந்த நள்ளிரவில் முடியட்டும். வியாபாரிகள் பகுதியை மனம் கல்லாக்கி இரண்டாம் படத்தின் முதல் பத்து நிமிஷமாகச் சுருக்கிவிடலாம். மீதி இரண்டாம் படம் முழுக்க ம்யூல், கூடவே பேய்ட்டா என்ற பெண். மூன்றாவதில் பதினாலு வயசு ஆர்க்காடி, கப்பலில் ஒளிந்து ஏறிக் கிளம்பிவிடுகிற பிள்ளை, அவள் வந்தாலே படம் தானாக ஓடும்.

பேச்சு அதிகம், அடிதடி இல்லை, ஓடுமா என்ற சந்தேகம் வேண்டாம். 1973-இல் பிபிசி வானொலி இந்த மூன்று புத்தகத்தையும் எட்டுப் பாகமாக நாடகம் போட்டது. படமே இல்லாமல், காதில் மட்டும். அறைக்குள் இரண்டு பேர் பேசுவதுதான் இந்தக் கதையின் சண்டைக் காட்சி, யார் யாரை மடக்குகிறான் என்பதில்தான் சுவை. அதை நம்பி எடுக்க வேண்டும்.

பிரமாண்டம் எங்கே வேண்டும் என்றால் ட்ராண்டரில் வேண்டும். பேரரசின் தலைநகரம், கிரகம் முழுக்க உலோகம் மூடியது, 4,000 கோடி பேர், பலர் வானத்தையே பார்த்ததில்லை, இருபது விவசாயக் கிரகங்களிலிருந்து தினமும் ஆயிரக்கணக்கான கப்பலில் சாப்பாடு வந்து இறங்கவேண்டும். இதைப் பார்த்துப் பல படங்கள் நகர-கிரகம் எடுத்துவிட்டன, அதனால் உயரத்திலிருந்து காட்டினால் எங்கேயோ பார்த்தது போலத்தான் இருக்கும். சாப்பாட்டு வழியாகக் காட்டுங்கள். ஒரு கப்பல் வரவில்லை என்றால் ஒரு தெருவில் என்ன நடக்கும் என்று காட்டுங்கள்.

அப்புறம் இரண்டாம் படத்தில் அதே ட்ராண்டருக்குத் திரும்ப வருகிறோம். நகரம் சூறையாடப்பட்டுப் பல காலம் ஆகிவிட்டது. மிஞ்சியவர்கள் உலோகத் தகட்டைப் பெயர்த்து விற்று, ஆடு மாடும் விதையும் வாங்கி, கீழே இருக்கிற மண்ணில் பயிர் வைக்கிறார்கள். நாவலில் இது கொஞ்சம் பக்கம்தான். நான் எடுத்தால் இதற்கு ஐந்து நிமிஷம் கொடுப்பேன், வசனம் வைக்கமாட்டேன். கடப்பாரை தகட்டில் படுகிற சத்தம், இரண்டு பேர் சேர்ந்து அதைத் தூக்கிப் புரட்டுவது, எத்தனையோ ஆயிரம் வருஷம் வெயில் படாத மண் கறுப்பாகத் தெரிவது. ஒரு கிழவி குனிந்து அதைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்ப்பாள், பாபநாசத்தில் தண்ணீர் திறந்த சேதி வந்ததும் எங்கள் ஊரில் வயலுக்குள் இறங்கிப் பார்ப்பார்களே, அதே மாதிரி.