குஞ்சு காக்கும் சோடிக்கு யார் துணை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. அதில் ஒரு சோடி கிரிபென்சிஸ் (குகைக்குள் முட்டை போடும் சின்ன மீன்), நாலு டைகர் பார்ப், ஆறு கோரி (அடியில் மேயும் சின்ன மீசை மீன்), ஒரு டேங்க் கிளீனர் (பாசி தின்னும் மீன்). கிரிபென்சிஸ் பூச்சட்டிக்குள் இரண்டு தரம் முட்டை போட்டது. முதல் தரம் முட்டையே காணாமல் போனது. இரண்டாம் தரம் குஞ்சுகள் வெளியே நீந்தி வந்து, அடுத்த நாள் விடியும்போது ஒன்றுகூட இல்லை. இப்போது ஆண் மீன் பெண்ணை விடாமல் விரட்டுகிறது. மற்ற மீன்களை எல்லாம் எடுத்துவிடவா, இல்லை வேறு ஏதாவது சேர்க்கவா?
– வாசகி, டிக்கோயா

பதில்: தங்கச்சி, "விடியும்போது" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பகலில் கிரிபென்சிஸ் சோடியிடம் எந்த மீனும் வாலாட்ட முடியாது. தாய் குஞ்சுகளோடு நிற்கும், தகப்பன் சுற்றிச் சுற்றிக் காவல் பார்க்கும், தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய மீனையும் துரத்தும். இருட்டிவிட்டால் அந்தக் காவல் எடுபடாது, அவற்றுக்குக் கண் தெரிந்தால்தானே சண்டை போட முடியும். டேங்க் கிளீனருக்கும் கோரிக்கும் கண் தேவையில்லை. மீசையாலும் வாசனையாலும் தேடித் தின்கிற சாதி, இரவுதான் அவற்றின் வேலை நேரம்.

எனக்கும் இதே அனுபவம் உண்டு. கண்ணாடியில் பாசி பிடிக்காது என்று கடையில் சொன்னதை நம்பி, ஒரு டேங்க் கிளீனரை வாங்கி என் சோடியோடு விட்டேன். மூன்று தடவை முட்டை போனது. நாலாவது தடவை, கரண்ட் போன ஒரு இரவில் டோர்ச் அடித்துப் பார்த்தால், அது சட்டி வாயில் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறது, தாய் மீன் இருட்டில் எங்கே இடிப்பது என்று தெரியாமல் அந்தச் சட்டியையே சுற்றுகிறது. பார்க்கவே பாவமாக இருந்தது. அன்றிலிருந்து, முட்டை போடும் சோடியோடு அடியில் வாழும் எந்த மீனையும் நான் விடுவதில்லை.

கோரி அப்பாவி மீன்தான், ஆனால் அதற்கும் இங்கே இடமில்லை. முட்டை கிடைத்தால் தின்னும் என்பது ஒரு பக்கம், அதற்கு நடக்கும் கொடுமை இன்னொரு பக்கம். சோடி போட்ட எல்லை கோரிக்குப் புரியாது, கடி வாங்கியும் திரும்பத் திரும்ப அதே இடத்துக்குத்தான் மேய வரும், அப்படியே கண் போன கோரிகளை நான் பார்த்திருக்கிறேன். டைகர் பார்ப் நாலே நாலு வைத்திருப்பது இன்னும் மோசம். கூட்டம் பெரிதாக இருந்தால் தங்களுக்குள்ளேயே முட்டிமோதிக்கொள்ளும், சிறுத்துவிட்டால் மற்ற மீன்களின் துடுப்பைக் கொத்தத் தொடங்கும். குஞ்சு கண்ணில் பட்டால் விடவே விடாது.

ஆகவே மூன்று வகையையும் எடுத்துவிடுங்கள். தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், அல்லது வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஆற்றிலோ நீர்த்தேக்கத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். டேங்க் கிளீனர் ஓரடிக்கு மேல் வளரும், தொட்டிகளிலிருந்து போய் ஏற்கெனவே நம் நாட்டு நீர்நிலைகளில் பரவியிருக்கிறது.

சரி, சோடி தனியாக இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா? அங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கிரிபென்சிஸ் போன்ற இந்தச் சிறிய சிக்லிட் இன மீன்களுக்கு விரட்டுவதற்கு யாராவது வேண்டும். அந்நியர் யாருமே இல்லாவிட்டால் ஆணின் கோபம் பெண் மேல் திரும்பும். போதாததற்கு, குஞ்சு போனதும் ஆண் உடனே அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடும், பெண்ணின் உடம்பு இன்னும் தேறியிருக்காது. உங்கள் தொட்டியில் இப்போது நடப்பதும் பெரும்பாலும் அதுதான். அப்புறம் இன்னொன்றும் உண்டு. மேலே சின்ன மீன்கள் பயமில்லாமல் திரிந்தால்தான் ஆபத்து ஒன்றுமில்லை என்று சோடிக்குத் தைரியம் வரும், இல்லாவிட்டால் சட்டிக்குள்ளேயே பதுங்கிக் கிடக்கும்.

எனவே துணை வேண்டும், ஆனால் அது மேல்தண்ணீரில் வாழ்கிற, வாய் சிறிய, வேகமாக ஓடக்கூடிய கூட்டமாக இருக்க வேண்டும். உங்கள் தொட்டிக்கு நான் சொல்வது எட்டு ஹார்லிகுவின் ராஸ்போரா. அது கிடைக்காவிட்டால் எட்டு ஸீப்ரா மீன். இரண்டுமே சோடி பாய்ந்தால் விலகி ஓடிவிடும், இரவில் தரையைக் கிளறாது. ஸீப்ரா துள்ளும், மூடி கட்டாயம். மேலே ஏறி வரும் ஒன்றிரண்டு குஞ்சுகளை இவையும் தின்னத்தான் செய்யும், அதை மறைக்க விரும்பவில்லை. கப்பி வேண்டாம், அந்த நீண்ட வாலைச் சோடி கிழித்துவிடும். ஏஞ்சலும் வேண்டாம், அதுவும் சிக்லிட்தான், குஞ்சு தின்பதில் கெட்டிக்காரன்.

நம் நாட்டுக்கே உரிய செர்ரி பார்ப்பை விடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அழகான, சாதுவான மீன், எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் அது செடி நிழலில், கீழ்ப்பக்கமாகவே திரியும். முட்டை போடாத காலத்தில் பரவாயில்லை, குஞ்சு காக்கும் காலத்தில் இரண்டு பக்கத்துக்கும் தொல்லை. வளர்ப்பதானால் தொட்டியில் பெருக்கியதைக் கேட்டு வாங்குங்கள், ஓடையில் பிடித்ததை வாங்காதீர்கள்.

சட்டியைத் தொட்டியின் ஒரு மூலைக்குத் தள்ளி, வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். பெண் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தால் போதும். நடுவில் ஒரு மரக்கட்டையும் அடர்த்தியான செடியும் இருந்தால் மற்றப் பாதி வேறு உலகமாகிவிடும், விரட்டப்படும் பெண்ணுக்கும் ஒதுங்க இடம் கிடைக்கும். விரட்டல் நிற்காவிட்டால் நடுவில் ஒரு தடுப்பு வைத்து, பெண் நன்றாகத் தின்று வயிறு மறுபடி சிவக்கும் வரை பிரித்து வைப்பதுதான் நல்லது.

குளிரை மறக்காதீர்கள். கிரிபென்சிஸ் நைஜீரியாப் பக்கத்து மீன், 25, 26 பாகை செல்சியஸ் வேண்டும். உங்கள் தொட்டி ஏறக்குறைய 85 லீட்டர். கொழும்பில் 100 வாட் ஹீட்டரே அதிகம், டிக்கோயா இரவுக்கு நான் 150 வாட் போடுவேன். கரண்ட் போனால் தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள், அந்த நேரத்தில் சாப்பாடு போடாதீர்கள். இந்தச் சூட்டில் முட்டை சுமார் மூன்று நாளில் பொரிக்கும், ஒரு வாரத்துக்குள் அல்லது அதையொட்டிக் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அப்போது முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த ஆர்ட்டீமியா (மிகச் சிறிய உப்புநீர் இறால் வகை) குஞ்சுகளைக் கொடுங்கள். பீலித் தண்ணீர் (மலை ஊற்றுத் தண்ணீர்) பாவிப்பவராக இருந்தால் இதையும் கவனியுங்கள்: தண்ணீர் அமிலமாக இருந்தால் இந்த மீனுக்கு ஆண் குஞ்சுகள்தான் அதிகம் வரும். குஞ்சுகளில் ஆணும் பெண்ணும் கலந்து வர வேண்டுமென்றால் பிஎச் (தண்ணீரின் அமில அளவு) நடுநிலையான 7க்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: அண்ணா, ஒரு சோடி ராமிரெசி வாங்கப் போகிறேன். நியோன் டெட்ரா பத்து ஏற்கெனவே இருக்கிறது. சேர்ந்து இருக்குமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: தம்பி, சண்டை வராது, ஆனால் சூடு ஒத்துவராது. ராம் என்றும் சொல்லப்படும் ராமிரெசி, தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றுப் பக்கத்து வெப்பச் சமவெளி மீன், 28 பாகைக்கு மிகவும் குறைந்தால் நோய்தான். நியோன் 24, 25இல்தான் சுகமாக இருக்கும். அந்தச் சூட்டைத் தாங்குவது கார்டினல் டெட்ரா, அதை வாங்குங்கள். நுவரெலியாவில் வீட்டுக்குள்ளேயே 16, 17 பாகை இருக்கும்போது தொட்டியை 28இல் வைத்திருக்க ஹீட்டர் நாள் முழுக்க எரியும், அந்தக் கரண்ட் பில்லையும் யோசியுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பொலிவியன் ராம் வாங்குவேன். நிறம் கொஞ்சம் குறைவு, ஆனால் 24, 25இல் திடமாக இருக்கும், உங்கள் நியோனையும் மாற்றத் தேவையில்லை. இரண்டு ராமும் திறந்த கல்லில்தான் முட்டை போடும், குகை கிடையாது, ஆகவே குஞ்சு எடுப்பதுதான் நோக்கம் என்றால் தனித் தொட்டிதான். முதல் இரண்டு மூன்று தடவை பெற்றோரே முட்டையைத் தின்றாலும் சோடியைப் பிரித்துவிடாதீர்கள், பழகிக்கொள்ளும்.

கேள்வி: கிரிபென்சிஸோடு தங்கமீன் விடலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: வேண்டாம். தங்கமீனுக்கு உங்கள் ஊர்க் குளிரே போதும், ஹீட்டர் இல்லாத தனித் தொட்டியில் விடுங்கள்.