கேள்வி – பதில்: துகில் ஆடாத ஊரில் கூந்தல் முடிவது எப்படி?

பங்குனி தொடங்கி ஆடி வரை காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர்ப் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம், அதாவது மகாபாரதக் கதை விழா, நடக்கும் காலம். மதியம் கதை சொல்லும் பிரசங்கம், இரவு அதே கதையை ஆடும் கூத்து, முடிவில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் தொடையைப் பீமன் அடித்துப் பிளக்கும் படுகளமும் தீமிதியும். விழா எடுக்கும் ஊர்க்காரர்களும் பார்க்கப் போகிறவர்களும் கேட்டவற்றில் சில இங்கே.

கேள்வி: நின்றுபோயிருந்த பாரதத்தை எங்கள் ஊரில் மறுபடி எடுக்கிறோம். பத்து இரவு கூத்து வைக்க வசதியில்லை, ஐந்துதான் முடியும். எதை வைப்பது? எதை விடுவது? இல்லை, பத்துக் கதையையும் மூன்று மணி நேரமாகச் சுருக்கி வைத்துவிடலாமா?
— விழாக் குழுவினர், வந்தவாசி வட்டம்

பதில்: தீமிதி நாளை முதலில் முடிவு செய்துகொண்டு அங்கிருந்து பின்னால் எண்ணுங்கள். தீமிதியன்று காலை படுகளம், அதற்கு முந்தின இரவு பதினெட்டாம் போர், அதாவது பாரதப் போரின் கடைசி நாள் கதை. இந்த இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. இரவெல்லாம் ஆடிய துரியோதனனும் பீமனும் வேடம் கலைக்காமல் அப்படியே விடியலில் களத்துக்கு வருகிறார்கள். போருக்கு முந்தின இரவு கர்ண மோட்சம். மீதி மூன்று இரவில் துகில், அதாவது திரௌபதியின் சேலையைச் சபையில் உரியும் கதை, கட்டாயம் இருக்க வேண்டும். சபையில் அவிழ்ந்த கூந்தலை முடிய மாட்டேன் என்று அம்மன் சபதம் செய்வது அன்றைக்குத்தான். அந்த முடிச்சு விழுவது படுகளத்தில். துகிலை விட்டுவிட்டுப் படுகளம் மட்டும் வைத்தால் எதற்காகக் கூந்தல் முடிகிறாள் என்பதே ஊரில் வளரும் பிள்ளைகளுக்குப் புரியாமல் போகும். மற்ற இரண்டுக்கு அர்ச்சுனன் தபசும் அபிமன்னன் சண்டையும் வையுங்கள்.

திரௌபதியின் சுயம்வரமான வில்வளைப்பும் கிருஷ்ணன் தூதும் விட்டுப்போகின்றனவே என்ற குறை இருக்கத்தான் செய்யும். அதைப் பிரசங்கியார் ஈடுகட்டலாம். வில்லிபாரதத்தைப் பாட்டுப் பாட்டாகப் பாடி விரித்துச் சொல்லும்போது, கூத்தில் வராத பகுதிகளை மதியத்திலேயே முடித்துவிட்டால் இரவு உட்காருகிறவர்களுக்குக் கதை அறுந்ததாகத் தோன்றாது. தாம்பூலம் கொடுக்கும் அன்றே பிரசங்கியாரையும் கூத்து வாத்தியாரையும் ஒன்றாக உட்காரவைத்து நாள்வாரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல ஊர்களில் பிசகுவது இந்த இடத்தில்தான். மதியம் சொன்ன கதை ஒரு பக்கம் நிற்க, இரவுக் கூத்து அதைத் தாண்டிப் போயிருக்கும்.

மூன்று மணி நேரக் கூத்து வேண்டாம். புஜக்கட்டை, கிரீடம் போன்ற மர அணிகள் பூட்டும் ஒரு கட்டை வேடம் கட்டி முடிக்கவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகி, அடவு போட்டு வேடம் வெளியே வருவதற்கும் நேரம் கொடுத்தாக வேண்டும். சுருக்கச் சொன்னால் முதலில் வெட்டுப்படுவது தர்க்கம். இரண்டு வேடங்கள் நேருக்கு நேர் நின்று நியாயம் பேசும் அந்த இடம்தான் கூத்தின் உயிர். பத்து அரைகுறை இரவைவிட ஐந்து முழு இரவு எவ்வளவோ மேல்.

கேள்வி: சென்ற முறை படுகளத்துத் துரியோதனன் உருவம் விடிவதற்குள் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. தொடைப் பக்கம் சரிந்தும் போனது. மண்ணில் குறையா?
— செஞ்சி வட்டம்

பதில்: பெரும்பாலும் மண்ணில் குறை இருக்காது, ஈரத்தில்தான் இருக்கும். உள்ளே குவித்த மண் காய்ந்து கிடக்க, அதன்மேல் குழைத்த களிமண்ணைப் பூசினால் உள்மண் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், மேலே வெயில் உறிஞ்சும். நடுவில் மாட்டிக்கொண்ட களிமண் சுருங்கி வெடிக்கும். கயிறு பிடித்துச் சுண்ணாம்புப் பொடியால் உருவத்தைக் கோடிட்ட பிறகு, மண்ணை அரை அடி உயரத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் அடித்து இறுக்குங்கள். மேல்பூச்சு இரண்டு அங்குலம் போதும். வெறும் களிமண்ணாக இல்லாமல் மணலும் பதரும் கலந்து மிதித்துக் குழைக்க வேண்டும். வெயில் ஏறியதும் நனைத்த கோணிச் சாக்கால் மூடி வையுங்கள். முகத்துக்கும் மீசைக்கும் வண்ணம் தீட்டுவது கடைசி வேலை, பொழுது சாய்ந்தபின்.

தொடை சரிந்ததற்குக் காரணம் பானை. பீமன் அடிக்கும் இடத்தில் புதைக்கும் பானையில் மாலையிலேயே ரத்தநீரை ஊற்றி வைத்திருப்பீர்கள். புதுப் பானை கசியும், கசிந்த நீர் சுற்றுமண்ணைச் சேறாக்கிவிடும். வெறும் பானையைப் புதைத்து வாயை மட்டும் திறந்து வையுங்கள். பதினெட்டாம் போர் முடியும் தறுவாயில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்பு நீரை ஊற்றி, வாயை மெல்லிய மண் அடையால் மூடுங்கள். அடை தடித்தால் ஒரே அடியில் உடையாது. அந்த ஓர் அடிக்காகத்தான் ஊரே காத்திருக்கிறது. முடிந்தபின் அந்த மண்ணில் ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துப்போகும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதனால் களிமண்ணில் கண்ணாடிச் சில்லு, ஆணி கிடக்காமல் சலித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தபசு மரம் நடுவதில் என்னென்ன கவனிக்க வேண்டும்?
— செய்யாறு

பதில்: அர்ச்சுனன் தபசு இரவில் அர்ச்சுனன் வேடக்காரர் ஏறும் இந்த மரத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போக வேண்டும். 42 அடி மரம் என்றால் 7 அடிக் குழி. மணல் கலந்த பூமியானால் இன்னும் ஓரடி கூட்டி, கருங்கல் ஜல்லி போட்டு இறுக்குங்கள். உச்சியிலிருந்து நான்கு திசைக்கும் இழுகயிறு கட்டி, முளைக்குச்சிகளை மரத்திலிருந்து தள்ளி அடிக்க வேண்டும். மரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பி எட்டாத இடமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஆபத்து அதிகம் இருப்பது படிக்கட்டைகளில். பச்சை மரத்தில் செதுக்கிச் செருகிய படி நான்கு நாள் வெயிலில் சுருங்கி, கைக்கு ஆடும் நிலைக்கு வந்துவிடும். நன்றாகக் காய்ந்த கட்டையில் செதுக்கி, மறுபக்கம் ஆப்பு வையுங்கள். முதல் நாள் மாலை, ஏறப்போகிறவரைவிடக் கனமான மூட்டையை ஒவ்வொரு படியிலும் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். அர்ச்சுனன் தவக்கோலத்தில் ஏறுவதால் கட்டையும் கிரீடமும் இருக்காது. ஆனாலும் ஒவ்வொரு படிக்கும் பாட்டு நின்று பாடி ஏறுவதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் மரத்திலேயே இருப்பார். இடுப்பில் துணிக்கு உள்ளே ஒரு பாதுகாப்புக் கயிறு கட்டிக்கொள்வதில் எந்தத் தெய்வக் குற்றமும் இல்லை.

மேலிருந்து எலுமிச்சையும் விபூதியும் விழும்போது கூட்டம் ஒரே இடத்தில் பாயும். பிள்ளை வரம் கேட்டு ஈரப் புடவையோடு கீழே விழுந்து கும்பிடும் பெண்கள் அங்கேதான் இருப்பார்கள். மரத்தைச் சுற்றி 20 அடிக்குக் கயிறு கட்டி, உள்ளே அவர்களை மட்டும் விடுங்கள்.

கேள்வி: மைக் வைத்தால் ஊளையிடுகிறது, வைக்காவிட்டால் பின்னால் கேட்பதில்லை.
— திண்டிவனம்

பதில்: நடுவில் ஸ்டாண்டு மைக் வைக்காதீர்கள். வேடக்காரர் அதன்முன் நின்றுவிடுவார். கிறிக்கி (சுழன்றாடுவது) சுற்ற இடமிருக்காது, ஆட்டம் செத்துவிடும். ஆடுகளத்துக்கு மேலே கம்பி இழுத்து, கிரீடம் தட்டாத உயரத்தில் இரண்டு மூன்று மைக் தொங்கவிடுங்கள். ஆர்மோனியத்துக்கும் ஊதுகருவியான முகவீணைக்கும் தனியாக ஒன்று. மிருதங்கத்துக்குத் தேவையில்லை. ஒலிபெருக்கியின் சத்தம் மறுபடி மைக்கில் புகுவதால்தான் ஊளை வருகிறது. பெட்டிகளை ஆடுகளத்துக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தால் நின்றுவிடும்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு 12 மணி வரை அரசு தளர்வு தரலாம். காவல் நிலையத்தில் முன்கூட்டியே பேசி, முதல் பகுதியை மைக்கோடும் மற்றதை மைக் இல்லாமலும் நடத்தத் திட்டமிடுங்கள். உச்சக் குரலில் பாடிப் பழகிய கலைஞர்களுக்கு அது புதிதல்ல. பார்க்கிறவர்கள்தான் மூன்று பக்கமும் நெருங்கி உட்கார வேண்டும்.

கேள்வி: சிமெண்ட் மேடை கட்டலாமா?
— ஆரணி

பதில்: கட்ட வேண்டாம். சலங்கைக் காலோடு விடிய விடியச் சிமெண்ட்டில் ஆடினால் முட்டி தாங்காது. 20 அடிச் சதுரத்தில் கல் பொறுக்கி, மாலையில் தண்ணீர் தெளித்த மண்தரையே போதும். பொழுது சாய்ந்தபின் மறுபடி தெளித்தால் வழுக்கும்.

கேள்வி: தெருக்கூத்து, கட்டைக்கூத்து இரண்டும் ஒன்றா?
— சென்னை

பதில்: ஒரே கலைதான். புஜக்கட்டை, கிரீடம் போன்ற மர அணிகளுக்குக் கட்டை என்று பெயர். கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதிப்பார்கள். அதை வைத்து வந்த பெயர் கட்டைக்கூத்து. காஞ்சிபுரத்தில் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் அந்தப் பெயரை முன்வைக்கிறது. புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் வழியினர் தெருக்கூத்து என்றே சொல்கிறார்கள்.

கேள்வி: ஒரே ஒரு இரவுதான் வர முடியும். எந்த இரவு?
— பெங்களூரு

பதில்: பதினெட்டாம் போர். இரவு ஒன்பதரைக்கே போய், கூத்தைத் தொடங்கிவைக்கும் களரி கட்டும் மேளத்திலிருந்து உட்காருங்கள். பாயும் போர்வையும் எடுத்துப் போங்கள். தூக்கம் வந்தால் நடு இரவில் ஒரு மணி நேரம் படுத்துக்கொள்ளலாம், பக்கத்தில் இருப்பவர்கள் துரியோதனன் வரவுக்கு எழுப்பிவிடுவார்கள். வேடம் கட்டும் இடத்தை எட்டிப் பார்ப்பதானால் வாத்தியாரைக் கேட்டுவிட்டுப் போங்கள், முகத்தில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். விடிந்ததும் கூட்டத்தோடு களத்துக்கு நடந்து, உருவத்தின் தொடைப் பக்கமாக நில்லுங்கள். தலைப்பக்கம் நின்றால் பீமனின் முதுகுதான் தெரியும்.