ஏழு உதவியும் ரெண்டு தேங்காயும்

கேள்வி: நான் நாலு பேருக்கு நல்லது செய்றவன். மழைக்காலத்துல பக்கத்து வீட்டு ரப்பர் பால்வெட்டுக்காரருக்கு மூவாயிரம் குடுத்தேன். இப்ப மார்த்தாண்டம் சந்தைல என்னப் பாத்தாலே தலையக் குனிஞ்சுகிட்டுப் போறார். மனுஷ ஜென்மமே நன்றிகெட்டதுதானா? இனிமே யாருக்கும் எதுவும் செய்யாம இருந்துரலாமா? (களியக்காவிளை பக்கத்து வாசகர், மூணு பக்க லெட்டரோட சுருக்கம்)

பதில்: சார், லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். மொத்தம் ஏழு உதவி, ஏழுக்கும் தேதி போட்டிருக்கீங்க, அஞ்சாவதுல "தேங்காய் 2"ன்னு எண்ணிக்கை வேற, இவ்வளவு சுத்தமா கணக்கு வைக்கிற ஆள எங்க பத்திரிகைல அக்கவுண்ட்ஸுக்கு தேடிட்டு இருக்கோம்.

அவர் தலையக் குனியறத திமிருன்னு எப்படி முடிவு பண்ணீங்க? நம்ம பக்கத்துல எடவப்பாதி மழை, அதான் ஜூன் மாச பருவமழை, புடிச்சா பால்வெட்டு கிடையாது, வெட்டுனாலும் பால் சிரட்டைல நிக்காம மழத்தண்ணியோட மரத்துலயே வழிஞ்சு போயிரும், வெட்டு இல்லன்னா அன்னிக்கு கூலியும் இல்ல, அப்ப வாங்குன மூவாயிரத்த இன்னும் திருப்பிக் குடுக்க முடியாதவன் உங்க முகத்த எப்படி சார் நேரா பாப்பான்? அந்த மனுஷனோட வெக்கம் உங்க கண்ணுக்கு நன்றிகேடா தெரியுது. நீங்களே ஒரு நாள் முந்திகிட்டு "என்னவே, சாயா குடிப்பமா"ன்னு கேட்டிருக்கலாம், கேக்கல, ஆனா எனக்கு மூணு பக்கம் எழுத நேரம் இருந்திருக்கு.

உங்கள மட்டும் சொல்லல. எங்க ஊர் பக்கத்துல ஒரு நிழல்தாங்கல் இருக்கு, அய்யாவழிக்காரங்க கும்பிடுற இடம். உள்ள சிலை கிடையாது, கண்ணாடிதான், ரெண்டு பக்கமும் விளக்கு. தலைப்பாக கட்டிகிட்டுதான் ஆம்பளைங்க உள்ள போகணும். கீழ்ச்சாதின்னு ஒதுக்குனவன் தலைல துண்டு கட்டக் கூடாதுன்னு இருந்த பழைய திருவிதாங்கூர்ல அய்யா வைகுண்டர் (1809-1851) கட்ட வச்ச தலைப்பாக அது. போன மாசம் நான் அந்தக் கண்ணாடி முன்னால நின்னு என்ன செஞ்சேன் தெரியுமா? தலைப்பாக கோணலா இருந்துச்சு, சரி பண்ணிட்டு வந்துட்டேன்! வெளிய வந்து செருப்பு போடும்போதுதான் உறைச்சுது. நம்ம மருந்துவாழ் மலைல தவம் இருந்த கேரளத்து நாராயண குருவும் 1927ல அங்க சேர்த்தலை பக்கம் களவங்கோடத்துல கண்ணாடியத்தான் பிரதிஷ்டை பண்ணார். பார்டருக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ரெண்டு பெரியவங்களும் கண்ணாடிய வச்சுட்டுப் போனாங்க, நாம அதுல தலைய சீவிட்டு இருக்கோம்.

செய்றத நிறுத்தலாமான்னு கேட்டீங்க, தாராளமா நிறுத்துங்க, குடுத்துட்டு வருஷக்கணக்கா பொருமுறதுக்கு அது மேல். ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு. உங்க லெட்டர்ல ரெண்டாவது பக்கம் கீழ, போற போக்குல ஒரு வரி இருக்கு, "எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப ஒரு ஆட்டோக்காரப் பையன் ரத்தம் குடுத்தான்"னு. அதுக்குத் தேதி இல்ல, எந்த ஊருன்னும் இல்ல.

அந்தப் பையன் பேரு என்ன சார்?