எண்ணெய் ஃபேர்னஸை நீக்கி இயற்கை எரிவாயுவுக்கு மாறலாமா?

கேள்வி: நாங்கள் 2021 இல் ஸ்காபரோவை விட்டு, ஒன்ராறியோவில் பீற்றர்பரோவுக்கு அண்மையில் உள்ள ஊர்ப்புறத்தில் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடியேறினோம். வீடு எண்ணெயில் சூடாக்கப்படுகிறது. கடந்த ஆண்டு 2,600 லீற்றர் எண்ணெய்க்கு, வரியுடன் லீற்றர் 1.70 டொலர் என்ற சராசரி விலையில், 4,420 டொலர் செலுத்தினோம். வீட்டைச் சூடாக்கும் உலையான ஃபேர்னஸுக்கு வயது 24. நிலக்கீழ் அறையில் உள்ள இரும்பு எண்ணெய்த் தாங்கி பழுதடையும் வயதை எட்டிவிட்டதால், ஒக்ரோபரில் புதுப்பிப்பதற்கு முன் அதை மாற்றாவிட்டால் காப்புறுதி தரமாட்டோம் என்று நிறுவனம் கடிதம் அனுப்பியுள்ளது. புதிய தாங்கிக்கு 3,200 டொலர் கேட்கிறார்கள். இதற்கிடையில் எங்கள் வீதிக்கு இயற்கை எரிவாயுக் குழாய் வருகிறது. இணைப்புக்கு முன்பணம் இல்லை, ஆனால் பயன்படுத்தும் ஒவ்வொரு கன மீற்றருக்கும் 23 சதம் மேலதிகக் கட்டணம் உண்டு என்கிறார்கள். புதிய எரிவாயு ஃபேர்னஸ், உட்குழாய், புகைவழி, பழைய தாங்கியை அகற்றுதல் எல்லாம் சேர்த்து வரியுடன் 9,500 டொலர் என்று ஒப்பந்தகாரர் ஒருவர் எழுதித் தந்துள்ளார். நாங்கள் அழைக்காமலே வாசலுக்கு வந்த இன்னொருவரோ, கையிலிருந்து ஒரு சதமும் வேண்டாம், மாதம் 129 டொலர் வாடகையில் பத்து ஆண்டுகளுக்குத் தருகிறோம் என்கிறார். மோர்ட்கேஜ் போகக் கையில் பெரிதாக மிச்சமில்லை. எந்த வழியில் போகலாம்?

பதில்: எண்ணெயை விடுவது என்ற முடிவில் எனக்குத் தயக்கம் இல்லை. எதற்கு மாறுவது, எந்த ஒழுங்கில் மாறுவது, எப்படிப் பணம் செலுத்துவது என்ற மூன்றிலும்தான் நீங்கள் அவசரப்படக்கூடாது. குறிப்பாக வாசலுக்கு வந்தவரின் தாளில் இன்றைக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம்.

முதலில் எரிபொருள் கணக்கைப் பார்ப்போம். ஒரு லீற்றர் சூடாக்கும் எண்ணெயிலும் ஒரு கன மீற்றர் இயற்கை எரிவாயுவிலும் அடங்கியிருக்கும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டும் ஏறத்தாழ 38 மெகாஜூல். ஆகவே எண்ணெய்ப் பட்டியலில் உள்ள லீற்றரை அப்படியே கன மீற்றராக வைத்துக்கொண்டு, இயந்திரங்களின் திறன் வேறுபாட்டை மட்டும் சரிசெய்தால் போதும். உங்களுடையதைப் போன்ற பழைய எண்ணெய் ஃபேர்னஸ் எரிபொருளின் வெப்பத்தில் 78 வீதத்தை வீட்டுக்குத் தருகிறது என்று கொண்டால், கடந்த ஆண்டு உங்கள் வீடு உண்மையில் பெற்றது 2,028 லீற்றருக்குரிய வெப்பம். அதே வெப்பத்தை 95 வீதத் திறனுள்ள எரிவாயு ஃபேர்னஸ் 2,135 கன மீற்றரில் தந்துவிடும்.

எரிவாயுவின் விலை, கொண்டுசேர்க்கும் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கன மீற்றருக்கு 40 சதம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் பகுதிக்குரிய சரியான தொகையை நிறுவனத்திடம் கேட்டு இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அதனுடன் 23 சத மேலதிகக் கட்டணம் சேர 63 சதம் ஆகிறது. ஆண்டுக்கு 1,345 டொலர். மாதாந்த நிலையான கட்டணம் 25 டொலர் என்றால் இன்னொரு 300. இவற்றின் மேல் 13 வீத விற்பனை வரி (எச்.எஸ்.ரி) சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 1,860 டொலர். இப்போது செலுத்தும் 4,420 உடன் ஒப்பிட்டால் ஆண்டுக்கு 2,560 டொலர், மாதத்துக்கு 213 டொலர் மிச்சம். கனடிய அரசின் நுகர்வோர் காபன் கட்டணம் 2025 ஏப்பிரல் 1 முதல் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டில் எரிவாயுவின் ஒவ்வொரு கன மீற்றரிலும் 15.25 சதம் அதற்கென்றே போனது. உறவினர்களின் பழைய பட்டியலைப் பார்த்துக் கணக்குப் போடுவோர் இதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அந்த 23 சதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முன்பணம் இல்லை என்ற சொல் பலருடைய காதில் இலவசம் என்றே விழுகிறது. எரிவாயு இல்லாத ஊர்களுக்குக் குழாய் இழுப்பதற்காக ஒன்ராறியோ அரசு 2018 இல் சட்டம் இயற்றி, அதன்கீழ் வரும் திட்டங்களுக்கு ஏற்கெனவே எரிவாயு பயன்படுத்துவோரிடமிருந்து மாதம் 1 டொலர் அளவில் திரட்டி உதவி வழங்குகிறது. அந்த உதவிக்குப் பிறகும் எஞ்சும் செலவின் ஒரு பகுதியை, புதிதாக இணைபவர்களிடமிருந்து இந்த மேலதிகக் கட்டணமாக 40 ஆண்டுகள் வரை வசூலிக்க ஒன்ராறியோ எரிசக்திச் சபை அனுமதிக்கிறது. உங்கள் பயன்பாட்டில் இது வரியுடன் ஆண்டுக்கு ஏறத்தாழ 555 டொலர். 15 ஆண்டுகளில் 8,000 டொலரைத் தாண்டும். இது உங்கள் பெயரோடு ஒட்டிய கடன் அல்ல, இணைப்போடு ஒட்டியது; வீட்டை விற்றால் வாங்குபவர் தொடர்ந்து செலுத்துவார், ஆகவே விற்கும்போது அவருக்கு இதைத் தெரிவிக்க வேண்டும். இந்த மேலதிகக் கட்டணம் இல்லாத ரொறன்ரோ வீடு ஒன்றின் எரிவாயுச் செலவும் உங்கள் வீட்டின் செலவும் ஒருநாளும் சமமாகாது என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது, 9,500 டொலரை எதனுடன் ஒப்பிடுவது என்பது. 9,500 ஐ ஆண்டு மிச்சமான 2,560 ஆல் வகுத்து, நான்கு ஆண்டுகளுக்குள் முதல் திரும்புகிறது என்று சொல்லிவிடலாம். அந்தக் கணக்கு, எதையும் மாற்றாவிட்டால் உங்களுக்கு எந்தச் செலவும் இல்லை என்று எண்ணிக்கொண்டு போடப்படுவது. உங்கள் நிலை அப்படி இல்லை. எண்ணெயிலேயே இருந்தால் இந்த ஒக்ரோபருக்குள் தாங்கிக்கு 3,200 டொலர் கட்டாயம். 24 வயது ஃபேர்னஸும் இன்னும் சில குளிர்காலங்களுக்குள் கைவிடும், அப்போது 7,000 டொலர் அளவில் இன்னொரு செலவு. இரண்டும் சேர்ந்தால் 10,200. மாறுவதற்கான செலவு மாறாமல் இருப்பதற்கான செலவைவிடக் குறைவு என்றால், புதிய எண்ணெய்த் தாங்கியில் ஒரு சதமும் போடுவதை என்னால் ஆதரிக்க முடியாது.

காப்புறுதி நிறுவனத்தின் கடிதத்தையும் வெறும் கெடுபிடியாக எண்ண வேண்டாம். இரும்புத் தாங்கிகள் பெரும்பாலும் உள்ளிருந்தே அரிக்கப்படுகின்றன: உள்ளே வியர்க்கும் ஈரம் எண்ணெயைவிடக் கனமானதால் அடியில் தேங்கி, வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் தகட்டைத் தின்கிறது. கசிவு நிலத்துக்குள் இறங்கினால் துப்புரவுப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அந்தச் செலவு பல பத்தாயிரங்களுக்குப் போகக்கூடியது, கிணற்று நீரை நம்பியிருக்கும் ஊர்ப்புறத்தில் அதற்கு மேலும் போகலாம். மாத மிச்சத்தைவிட இந்த ஆபத்து நீங்குவதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எரிவாயுவுக்குக் கையெழுத்திடுவதற்கு முன், வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் வீட்டுக்குள் கொண்டுவரும் வெப்பப் பம்பியின் கணக்கையும் பாருங்கள். எண்ணெயில் சூடாக்கும் வீடுகள் வெப்பப் பம்பிக்கு மாறுவதற்கென்றே கனடிய மத்திய அரசு ஒரு மானியத் திட்டத்தை உருவாக்கியது. நடுத்தர வருமானம் அல்லது அதற்குக் குறைந்த வருமானம் உள்ள, தாம் குடியிருக்கும் வீட்டை எண்ணெயில் சூடாக்கும் குடும்பங்களுக்கு 10,000 டொலர் வரை வழங்குவது அதன் அடிப்படை. இங்கே ஒழுங்கு மிக முக்கியம்: எண்ணெயில் இயங்கும் வீடு என்பதே தகுதி, எரிவாயுவுக்கு மாறிய மறுநாள் அந்தத் தகுதி போய்விடும், பிறகு திரும்பி வராது. ஆகவே ஃபேர்னஸில் கை வைப்பதற்கு முன், திட்டம் விண்ணப்பங்களை ஏற்கிறதா, உங்கள் இருவரின் வருமானம் வரம்புக்குள் வருகிறதா என்பதை மத்திய அரசின் இயற்கை வள அமைச்சிடம் விசாரித்து, பதிலை எழுத்தில் பெறுங்கள். கடந்த ஆண்டின் எண்ணெய்ப் பற்றுச்சீட்டுகளை எறிந்துவிட வேண்டாம். எண்ணெய் வாங்கியதற்குச் சான்று கேட்பார்கள்.

உங்கள் வீட்டுக்குத் தேவையான வெப்பம் மின்சார அலகில் ஏறத்தாழ 21,400 கிலோவாற் மணி. குளிர்ப் பிரதேசத்துக்குரிய வெப்பப் பம்பி, பருவம் முழுவதற்குமான சராசரியில், ஒரு அலகு மின்சாரத்துக்கு இரண்டரை அலகு வெப்பம் தரும் என்று அடக்கமாகவே கொண்டால் 8,600 அலகு மின்சாரம் போதும். அலகுக்கு எல்லாம் அடங்கலாக 15 சதம் என்றால் 1,290 டொலர். கடுங்குளிர் நாட்களில் துணைக்கு இயங்கும் மின்சூடாக்கியையும் சேர்த்து 1,400 என்று வையுங்கள். 23 சத மேலதிகக் கட்டணமும் மாதாந்த நிலையான கட்டணமும் இல்லாததால், உங்கள் ஊரில் இது எரிவாயுவைவிட ஆண்டுக்கு 450 டொலர் அளவில் மலிவு. ஆனால் பொருத்தும் செலவு கூடுதல். 17,000 டொலர் என்று கொண்டால் எரிவாயுவைவிட 7,500 அதிகம். பழைய வீட்டில் 100 அம்பியர் மின்பலகை இருந்தால் அதை 200 ஆக உயர்த்தும் செலவும் வரக்கூடும்.

மானியம் முழுமையாகக் கிடைத்தால் உங்கள் கைச்செலவு 7,000 ஆகிறது, எரிவாயுவைவிடக் குறைவு. அப்போது நான் தயங்காமல் வெப்பப் பம்பியையே பரிந்துரைப்பேன். மானியம் இல்லையென்றால், 7,500 டொலர் வித்தியாசத்தை ஆண்டுக்கு 450 வீதம் மீட்க ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆகும். பம்பியின் ஆயுளே 15 ஆண்டுகளுக்கு அண்மையானது என்பதால், பணக் கணக்கில் மட்டும் பார்த்தால் எரிவாயு முந்துகிறது. கோடையில் வீடு முழுவதையும் குளிர்விக்கும் இயந்திரம் ஒன்றும் வாங்க எண்ணியிருந்தால் அதன் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வெப்பப் பம்பி அந்த வேலையையும் செய்யும். அப்போது தராசு மறுபடி நடுவுக்கு வந்துவிடும்.

வாடகைக்கு வருவோம். மாதம் 129 டொலர் பத்து ஆண்டுகளில் 15,480 டொலர். இது ஆண்டுதோறும் கட்டணம் உயராது என்று கொண்டால். பணம் கொடுத்து வாங்கினால் 9,500. கையில் பணம் இல்லை என்பது உண்மையான தடை, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வீட்டின் பெறுமதியை ஈடாக வைத்து வங்கியில் 6 வீத வட்டிக்குக் கடன் கிடைத்தால், 9,500 டொலரை ஐந்து ஆண்டுகளில் மாதம் 184 டொலராகத் தீர்த்துவிடலாம். வட்டி மொத்தம் 1,520 டொலர். எரிபொருளில் மிச்சமாகும் 213 டொலர் அந்தத் தவணையைச் சுமந்துவிடும். ஆறாவது ஆண்டிலிருந்து ஃபேர்னஸ் உங்களுடையது, மிச்சம் முழுவதும் உங்களுடையது. வாடகையில் பத்து ஆண்டு கழித்தும் ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளைப் பொறுத்தே அது யாருடையது என்பது தெரியவரும்.

நம் சமூகத்தில் பல முதிய பெற்றோர்கள், ஆங்கிலத்தில் அடர்த்தியாக அச்சிட்ட இத்தகைய தாள்களில் வாசலிலேயே கையெழுத்திட்டு, பிறகு வீட்டை விற்கும்போது பல ஆயிரம் டொலர் கொடுத்து விடுபட வேண்டியிருந்ததை நான் வருத்தத்துடன் பார்த்திருக்கிறேன். 2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில் ஃபேர்னஸ், நீர்சூடாக்கி, குளிரூட்டி போன்றவற்றை அழைப்பில்லாமல் வீட்டு வாசலில் வந்து விற்பதோ வாடகைக்கு விடுவதோ சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. அத்தகைய இயந்திரங்களுக்காக வீட்டு உறுதியின் மேல் உரிமைக்கோரிக்கை பதியும் வழக்கத்தையும் மாகாணம் 2024 ஜூனில் நிறுத்தியது. உங்கள் வாசலுக்கு வந்தவர் முதல் சட்டத்தை மீறியே வந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் தரும் விலை எவ்வளவு என்பது எனக்கு ஒரு பொருட்டே அல்ல.

ஒப்பந்தகாரரிடம் திரும்பிப் போகும்போது, வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டு அளவைத் தீர்மானிக்கும் எஃப்-280 கணிப்பைக் கேளுங்கள். பழைய ஃபேர்னஸின் அளவையே திரும்பப் பொருத்துவது சோம்பேறித்தனமான வழக்கம். பெரிதான இயந்திரம் விலையும் கூட, அடிக்கடி நின்று நின்று ஓடித் தேய்வதும் கூட. கூரைக்கடியில் வெப்பக்காப்பு மெலிந்திருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், 2025 ஜனவரியில் தொடங்கிய மாகாண வீட்டு மேம்பாட்டுச் சேமிப்புத் திட்டத்தில் அதற்கு உதவித்தொகை உண்டா என்றும் விசாரியுங்கள். வேலை செய்பவர் தொழில்நுட்பத் தரங்கள் மற்றும் பாதுகாப்பு அதிகாரசபையில் பதிவுசெய்தவராக இருக்க வேண்டும்.

குழாய் வேலை நிலம் உறைவதற்கு முன் முடிய வேண்டும் என்பதால், ஒக்ரோபருக்குள் இணைப்பு வந்துசேராவிட்டால் என்ன என்று நீங்கள் கவலைப்படலாம். காப்புறுதி நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தின் பிரதியையும் இணைப்புத் திகதியையும் அனுப்பி, சில வார அவகாசம் கேளுங்கள். தாங்கியை அகற்றும் திட்டம் எழுத்தில் இருந்தால் அவகாசம் கேட்பதற்கு உங்களிடம் ஓர் ஆதாரம் இருக்கும். வசந்தத்துக்குப் பிறகு தாங்கியை நிரப்ப வேண்டாம், எஞ்சும் எண்ணெய்க்கு யாரும் நல்ல விலை தரமாட்டார்கள். தாங்கியை அகற்றும் நாளில், சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிரப்பு குழாயும் காற்றுக் குழாயும் அதே நாளில் அகற்றப்பட்டன என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். குழாய் மட்டும் எஞ்சியிருந்து, தவறான முகவரிக்கு வந்த எண்ணெய் வண்டி அதில் ஊற்றினால், நூற்றுக்கணக்கான லீற்றர் நேரே உங்கள் நிலக்கீழ் அறைத் தரையில் கொட்டும். அந்தப் பற்றுச்சீட்டின் பிரதியைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பி, புதிய ஆண்டுக்கான கட்டணத்தை எண்ணெய்த் தாங்கி இல்லாத வீட்டுக்குரியதாக மாற்றித் தரும்படி கேளுங்கள்.