சாயங்கால எடையின்போது எங்கே போகிறீர்கள்?

கேள்வி: அம்மா, எனக்கு 39 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை. என் அம்மா இதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். கல்யாணமான புதிதில் நானும் சில வருஷம் நிரை பிடித்து, அதாவது எனக்கு ஒதுக்கிய செடி வரிசையில் நின்று, பறித்தேன். அப்புறம் தபால் வழியில் பி.காம். முடித்து ஆபீஸில் கணக்கெழுதப் போனேன். போன வருஷம் என்னை ஃபீல்டு சூப்பர்வைசராகப் போட்டார்கள். எங்கள் எஸ்டேட்டில் இந்த வேலைக்கு வந்த முதல் பெண் நான்தான். எனக்குக் கீழே பறிக்கிற பெண்கள் 40 பேர். மருந்தடிக்கவும் கவாத்துக்கும் ஆண்கள் 6 பேர்.

யாரும் என்னை மதிப்பதில்லை. ஆண்கள் முகத்துக்கு நேராகவே சிரிக்கிறார்கள். பெண்கள் அதைவிட மோசம். “நேத்து வரைக்கும் நம்மளோட நிரை பிடிச்சவதானே” என்று என் காதில் விழும்படி பேசுகிறார்கள். பறிப்பும் குறைந்துவிட்டது. “ஆம்பளை மாதிரி குரலை உசத்திப் பேசும்மா” என்கிறார் மேனேஜர். உசத்தினால், “ரொம்பத்தான் ஆடறா” என்கிறார்கள். உற்சாகம் வரட்டும் என்று, மாதத்தில் அதிகம் பறிப்பவருக்கு என் கைக்காசில் குக்கர் பரிசு அறிவித்தேன். இரண்டு தடவையும் ஒரே பெண்ணுக்குப் போனது. மற்றவர்கள் இன்னும் கறுவுகிறார்கள்.

காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற மஸ்டருக்கு நான்தான் முதல் ஆள். பறித்த கொழுந்தை நிறுக்கிற சாயங்கால எடைக்கு மட்டும் இருக்க முடிவதில்லை. வீட்டுக்காரர் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றிப் போய்விட்டு மதியமே வந்துவிடுவார். பையன் பிளஸ் டூ, நாலரைக்கு வருவான். டீயும் பலகாரமும் சூடாக இருக்க வேண்டும். எடையைப் பழைய மேஸ்திரி அண்ணன் பார்த்துக்கொள்வார். எடையில் ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிக்கிற கணக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி. பெண்ணாகப் பிறந்தவளுக்குத் தலைமைப் பொறுப்பு ஒத்துவராதா அம்மா? ஆம்பளை மாதிரி நடந்துகொள்ளப் பழக வேண்டுமா?

– பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: மரியாதை கிடைக்கவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். எடையைப் பற்றி எழுதியது சில வரிதான். நான் அந்தச் சில வரியைத் தாண்டவில்லை.

நீங்களே பறித்தவர் என்பதால் உங்களுக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லப்போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன். சாயங்காலம் ஒரு பெண் சரிவில் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வருகிறாள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதாவிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. சாக்கைத் தராசில் போடுகிறார்கள். எடை போடுகிற ஆள் ஒரு எண்ணைச் சொல்கிறார். அதில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிக்கிறார். மிச்சம் நோட்டில் ஏறுகிறது. அந்த நேரத்தில் அவள் தராசைப் பார்ப்பதில்லை, எழுதுகிறவர் முகத்தைப் பார்க்கிறாள். சாக்கின் எடை என்றைக்கும் ஒன்றுதான். அதில் தகராறு வராது. ஈரம் அப்படியா? ஐப்பசி மழையில் நனைந்த கொழுந்துக்கு ஒரு கிலோ கழிப்பதா, மூன்று கிலோ கழிப்பதா என்பது அந்த ஆளின் மனசைப் பொறுத்தது. பிடித்தவளுக்கு ஒன்று, எதிர்த்துப் பேசியவளுக்கு மூன்று என்று நடந்தால் கேட்க யார் இருக்கிறார்கள்? சூப்பர்வைசரம்மா வீட்டில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கிறார்.

காலையில் முதல் ஆளாக நிற்கிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மஸ்டர் என்பது வேலை வாங்குகிற நேரம். எடை என்பது கூலி முடிவாகிற நேரம். வேலை வாங்க முதல் ஆளாக வருகிறவர் கூலி முடிவாகும்போது காணாமல் போனால், அந்த நாற்பது பெண்களும் அதை எப்படிப் படிப்பார்கள்? என் அகராதியில் அதற்குப் பெயர் கங்காணித்தனம். சேலை கட்டிய கங்காணி, அவ்வளவுதான். இதில் பெண்ணென்ன, ஆணென்ன.

குக்கர் கதைக்கு வருவோம். ஒரே பெண் இரண்டு தடவை ஜெயித்தாள் என்றால் அவள் கை வேகம் என்று நினைத்துவிட்டீர்கள். இருக்கலாம். ஆனால் கவாத்துக்குப் பிறகு நன்றாகத் துளிர்த்த தட்டையான காட்டில் நிரை கிடைத்தவளும், செங்குத்தான மூலையில் கிழட்டுச் செடிகளோடு மல்லுக்கட்டுகிறவளும் ஒரே எடை காட்ட முடியுமா? நிரை பிரித்துக் கொடுப்பது யார் என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் அந்த மேஸ்திரி அண்ணன்தான் என்று என்னால் யூகிக்க முடிகிறது. அப்படியென்றால் உங்கள் கைக்காசில் வாங்கிய குக்கரை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தது அவர். மற்ற 39 பேர் கறுவாமல் என்ன செய்வார்கள்? உழைப்பு சரியாகக் கணக்கில் ஏறும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் பரிசு கொடுப்பது வயிற்றெரிச்சலைத்தான் கிளப்பும்.

“பெண்களுக்குப் பெண் தலைமை பிடிக்காது” என்று உங்கள் மேனேஜர் சொன்னாலும் சொல்வார். 2015 செப்டம்பரில் மூணாறில் என்ன நடந்தது என்று அவரிடம் கேளுங்கள். போனஸ் 20 சதவீதம் வேண்டும் என்று ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்திலேயே சேர்க்காமல், ஒன்பது நாளில் காரியத்தை முடித்தார்கள். முன்னால் நின்றவர்களும் கொழுந்து பறிக்கிற பெண்கள்தான். நேற்று வரை எங்களோடு நிரை பிடித்தவள்தானே என்று யாரும் அவர்களை ஒதுக்கவில்லை. தங்கள் காசுக்காக நிற்கிறாள் என்று தெரிந்தால், கூட நிரை பிடித்தவள் என்பதே பெரிய தகுதி. உங்களை ஏன் அதைச் சொல்லியே குத்துகிறார்கள் என்று இப்போது யோசித்துப் பாருங்கள்.

குரல் விஷயத்துக்கும் ஒரு பதில் உண்டு. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில், 2019இல் நோபல் பரிசு வாங்கிய எஸ்தர் டஃப்லோவும் மற்ற ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஊராட்சித் தலைவர் பேசுகிற மாதிரி ஒரே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து ஊர்க்காரர்களிடம் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில், அதே வார்த்தைகளுக்கு ஆண்கள் பெண் குரல் என்றால் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். இட ஒதுக்கீட்டால் பெண் தலைவர் வந்துபோன ஊர்களில் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. இத்தனைக்கும் அங்கிருந்த ஆண்களுக்குப் பெண் தலைமை பிடித்துப்போய்விடவில்லை. யார் தலைவராக வேண்டும் என்று கேட்டால் அப்போதும் ஆணைத்தான் சொன்னார்கள். ஆனால் பெண்ணும் வேலை செய்வாள் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். ஆகவே குரலை உயர்த்துவது வீண் வேலை. எல்லோருக்கும் பிடித்தவராக ஆக முயல்வதும் வீண் வேலை. பார்த்துப் பழக வேண்டும், அவ்வளவுதான். பார்க்க வேண்டிய நேரத்தில் நீங்கள் அங்கே இல்லை என்பதுதான் என் வழக்கு.

சுப்ரியா சாகு, இன்னசன்ட் திவ்யா என்று பெண் கலெக்டர்களைப் பார்த்த மாவட்டம் உங்களுடையது. பெண் நிர்வாகம் செய்வது நீலகிரிக்குப் புதிதில்லை. எடைக் கொட்டகைக்குத்தான் புதிது.

சரி, இப்போது வீட்டுக்கு வருகிறேன். குடும்பம் முதலில் என்று இந்தப் பக்கத்தில் ஓயாமல் எழுதுகிறவள் நான். கைக்குழந்தை, படுத்த படுக்கையாக மாமியார் என்று எழுதியிருந்தால், கொஞ்ச நாள் பொறுப்பைத் தள்ளிவையுங்கள் என்றே சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லிப் பலரிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். பொழுது சாய்ந்தால் தேயிலைக் காட்டில் கரடி வரும், பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன். கோத்தகிரிப் பக்கம் அது வெறும் பேச்சில்லை. நீங்கள் எழுதியது என்ன? 17 வயதுப் பையனுக்கும், மதியமே வந்து காலை நீட்டிப் படுத்திருக்கும் கணவருக்கும் டீ சூடாக வேண்டுமாம்! தேயிலைக் காட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு ஒரு டீ போடத் தெரியாதா? தெரியாது என்றால் அது அவன் குற்றமில்லை, நீங்கள் வளர்த்த வளர்ப்பு. நாளைக்கு ஒரு பெண் அவனை நம்பி வரப்போகிறாள். அவளுக்காகவாவது அவனை அடுப்படிக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று. உங்கள் பையன் வருகிற அதே பஸ்ஸில்தான் அந்த நாற்பது பெண்களின் பிள்ளைகளும் வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் பசிக்கும். அவர்களுடைய அம்மாக்கள் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, தங்கள் முறை வரட்டும் என்று வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் அந்த வரிசையைக் கடந்து வீட்டுக்குப் போகிறீர்கள். அம்மாடி, இதை ஒரு நாளாவது யோசித்தீர்களா? பெற்ற பிள்ளைக்குச் செய்வது கடமை என்றால், உங்கள் கையெழுத்தை நம்பிக் கூலி வாங்குகிற நாற்பது குடும்பத்துக்குச் செய்வதற்கும் அதே பெயர்தான்.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். டீ உண்மையான காரணம் இல்லை. அந்த மேஸ்திரி உங்கள் அம்மாவின் சாக்கையும் எடைபோட்டிருப்பார், உங்களுடையதையும் எடைபோட்டிருப்பார். அவர் கழித்ததை நீங்கள் இருவரும் வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொண்டு போயிருப்பீர்கள். இப்போது அவர் பக்கத்தில் நின்று, “அண்ணே, ஏன் ரெண்டு கிலோ?” என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் உங்களுக்கு வாய் வரவில்லை. 1976இல் சம ஊதியச் சட்டம் வரும்வரை தோட்டங்களில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்று பகிரங்கமாகவே இருந்தது. உங்கள் அம்மா காலத்துப் பெண்கள் அதைப் பார்த்தவர்கள். சட்டம் வந்து கூலியைச் சமமாக்கியது. எடை நோட்டு மட்டும் ஆண் கையிலேயே தங்கிவிட்டது. ஒரு வருஷமாக அது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதை நீங்களாகவே திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள்.

என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில் அந்த மேஸ்திரியைத் தனியாகப் பாருங்கள். பெண்கள் முன்னால் வேண்டாம். வயதான மனிதர், அவருக்கும் ஒரு மரியாதை உண்டு. “நீங்க எடை போடுங்கண்ணே, நான் எழுதறேன்” என்று சொல்லுங்கள். ஈரக் கழிவுக்கு ஒரு கணக்கு வையுங்கள். மழை நாளில் பத்துக் கிலோ நனைந்த கொழுந்தை எல்லோர் முன்னாலும் சாக்கில் பரப்பி, உதறி, தண்ணீர் வடியவிட்டு மறுபடி எடைபோடுங்கள். குறைவது எவ்வளவோ அதுதான் கழிவு. மேனேஜரிடம் ஒப்புதல் வாங்கிக் கொட்டகைச் சுவரில் எழுதிப் போடுங்கள். எடையை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொருத்திக்கும் துண்டுச் சீட்டு கொடுங்கள். தராசில் தொழிலாளர் துறை முத்திரை இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்றும் பாருங்கள். நல்ல காடு, கெட்ட காடு எல்லோருக்கும் மாறி மாறி வரும்படி நிரையைச் சுற்றில் விடுங்கள். குக்கர் பரிசை நிறுத்திவிடுங்கள். அந்தக் காசில் பையனுக்கு ஒரு நல்ல டார்ச் வாங்கலாம். டீ குடித்து முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்து அம்மாவைக் கூட்டிப் போகட்டும்.

பழைய நோட்டைப் புரட்டும்போது கழிவில் வேண்டியவர், வேண்டாதவர் என்று ஏதாவது தெரிந்தால் மூடி மறைக்காதீர்கள். அண்ணன் முறை வேறு, நாற்பது பேர் கூலி வேறு. மேனேஜரிடம் நேராகச் சொல்லுங்கள்.

அந்த ஆறு ஆண்களைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். நாற்பது பேர் உங்கள் பக்கம் வந்துவிட்டால் ஆறு பேர் சிரிப்பு எத்தனை நாளைக்கு? சிரிப்பு எல்லை மீறி அசிங்கப் பேச்சானால் மட்டும் விடாதீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அதற்கு ஒரு பெண்தான் தலைமை தாங்க வேண்டும் என்பது வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013ஆம் வருஷச் சட்டம். உங்கள் எஸ்டேட்டில் அப்படி ஒரு குழு இருக்கிறதா என்று ஆபீஸில் கேளுங்கள்.

கணவரிடம் அனுமதி கேட்காதீர்கள், தகவல் சொல்லுங்கள். விடியுமுன் மலை இறங்கி லாரி ஓட்டுகிற மனிதருக்கு வேலை என்றால் என்னவென்று தெரியும். சண்டை வராது என்றே நினைக்கிறேன். வந்தாலும் இரண்டு நாளில் பால் எங்கே, சர்க்கரை எங்கே என்று அவரே கண்டுபிடித்துவிடுவார்.

காலையும் மாலையும் இரண்டு பக்கமும் நிற்க உடம்பு ஒத்துழைக்காது என்பது எனக்கும் தெரியும். அதனால் மாற்றிக்கொள்ளுங்கள்: மேஸ்திரி காலை மஸ்டரைப் பார்க்கட்டும், நீங்கள் கொஞ்சம் தாமதமாக வந்து சாயங்கால எடை முடிகிறவரை இருங்கள். மேனேஜர் முடியாது என்றால், என்ன காரணம் சொன்னார் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவருக்கும் பதில் எழுதுகிறேன்.