கடலுக்குப் போன இடத்தில் காட்டுக்குள் ஒரு நாள்: கோஸ்டா ரிக்கா ஜிப்லைன் கேள்வி பதில்

கோஸ்டா ரிக்காவின் பசிபிக் கரைக்கு விடுமுறைக்குக் கிளம்பும் நம் குடும்பங்கள் பலவும் கடலுக்கு மூன்று நாள், காட்டுக்கு ஒரு நாள் என்று திட்டம் போடுகின்றன. அந்த ஒரு நாளில் ஜிப்லைன், அதாவது மரத்துக்கு மரம் கட்டிய கம்பியில் கப்பியோடு தொங்கி வழுக்கிக்கொண்டு போகும் விளையாட்டு, இல்லாமல் இருப்பதில்லை. நான் டெக்சாஸில் ஒரு சாகசப் பூங்காவில் நான்கு வருடம் வார இறுதிகளில் ஜிப்லைன் வழிகாட்டியாக இருந்தவள். கோஸ்டா ரிக்காவுக்கு ஆறு முறை போய்வந்திருக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துக்கொண்டேன்.

அக்கா, ஜனவரியில் தமரிந்தோ கடற்கரையில் தங்கப் போகிறோம். ஹோட்டல் பட்டியலில் ஜிப்லைன் என்ற சொல்லே இல்லை, "கேனபி" என்றுதான் போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். அந்த ஊர்க்காரர்கள் ஸ்பானிஷ் பேசும்போதும் "கேனபி" என்றே சொல்வார்கள். காட்டு மரங்களின் உச்சிக் கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கூரை போல இருக்குமே, அதற்கான ஆங்கிலச் சொல் அது. 1970களில் டொனால்ட் பெர்ரி என்ற அமெரிக்க உயிரியல் ஆய்வாளர், அந்த நாட்டின் லா செல்வா ஆய்வு நிலையத்தில் கயிறு கட்டி மர உச்சிக்கு ஏறி, அங்கே வாழும் உயிர்களை ஆராய்ந்தார். அதுவரை பெரும்பாலும் தரையில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. பிறகு 1990களில் மான்டேவெர்டே மலைப்பகுதியில் பயணிகளுக்கான ஜிப்லைன் வந்து, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. காட்டின் உச்சியைப் பார்க்கத்தான் இது தொடங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு போங்கள். வேகம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

எந்த நிறுவனம் நல்லது? "மிக நீளமான கம்பி எங்களுடையது" என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

நீளத்தை விடுங்கள். மர உச்சியில் கட்டியிருக்கும் பரண் மேல் நிற்கும்போது உங்கள் கொக்கியை எப்படி மாற்றுகிறார்கள் என்று பாருங்கள். எனக்கு எல்லாமே அதில்தான் இருக்கிறது.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். உங்கள் ஹார்னஸில், அதாவது இடுப்பையும் தொடையையும் சுற்றிக் கட்டும் பட்டையில், இரண்டு இணைப்புகள் இருக்கும். ஒன்று கம்பியில் ஓடும் கப்பிக்குப் போவது. இன்னொன்று தனியாகத் தொங்கும் பாதுகாப்புப் பட்டை, அதன் நுனியில் பூட்டுக் கொக்கி. பரணில் வந்து இறங்கியதும் வழிகாட்டி முதலில் அந்தப் பாதுகாப்புக் கொக்கியை மரத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் கம்பியில் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகுதான் கப்பியைக் கழற்ற வேண்டும். அடுத்த கம்பிக்கு அனுப்பும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும். எந்த நொடியிலும் ஒன்றாவது மாட்டியபடி இருக்க வேண்டும். நல்ல வழிகாட்டி பூட்டைத் திருகிய பிறகு அதை ஒரு முறை உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார். ஒரு நாளில் நூறு தடவை செய்தாலும் நூறாவது தடவையும் அழுத்திப் பார்ப்பார்.

ஒரு முறை ஓரிடத்தில் பரணில் எட்டுப் பேர் நெருக்கியடித்து நின்றோம். வழிகாட்டி பேச்சு சுவாரசியத்தில் என் கொக்கிகள் இரண்டையும் கழற்றிவிட்டு அடுத்தவரைப் பார்க்கத் திரும்பிவிட்டார். கீழே ஐந்தாறு மாடி உயரம். நானே எடுத்து மாட்டிக்கொண்டு, அவரிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டார். அடுத்த பரணில் என் பின்னால் வந்த பையனுக்கும் அதையே செய்தார். கீழே இறங்கப் படி இருந்த முதல் பரணிலேயே அந்தப் பையனின் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன், இரண்டு குடும்பமும் இறங்கிவிட்டோம். பணம் போனது, போகட்டும்.

பதிவு செய்யும் முன்பே கேட்கக் கூடியவையும் உண்டு. சுகாதார அமைச்சின் செயல்பாட்டு அனுமதி இருக்கிறதா? கம்பிகளையும் கப்பிகளையும் தினமும் காலையில் சோதித்து எழுதி வைக்கிறார்களா? கம்பி முடியும் இடத்தில், வழக்கமான பிரேக் தவறினால் பிடிக்க ஸ்பிரிங்கோ தடுப்புக் கயிறோ தனியாக இருக்கிறதா? முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடத்துக்குப் போங்கள்.

நேரில் போனால் மரத்தையும் பாருங்கள். கம்பியை மரப்பட்டை மேல் நேராக இறுக்கினால் மரம் பருக்கும்போது கம்பி உள்ளே அறுத்துவிடும், நாளடைவில் மரமே பட்டுப்போகும். அக்கறையுள்ளவர்கள் கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே சுற்றிலும் மரக்கட்டைகள் வைத்திருப்பார்கள். நான் முதல் பரணில் கண்ணால் தேடுவது அந்தக் கட்டைகளைத்தான்.

நாமே கையால் பிரேக் போட வேண்டும் என்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. கை போய்விடாதா?

பயம் நியாயமானது. ஆனால் முறை தெரிந்தால் கைக்கு ஒன்றும் ஆகாது. வலது கையுறையின் உள்ளங்கையில் கூடுதலாக ஒரு தடித்த தோல் தைத்திருக்கும். பழைய கையுறை என்றால் அந்த இடம் கம்பி உரசி உரசிக் கறுத்து வழவழவென்று இருக்கும். தோல் ஓட்டை விழும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் வேறு கேளுங்கள், கொடுப்பார்கள்.

அந்தக் கையைக் கம்பியின் மேல், கப்பிக்குப் பின்னால், சும்மா தொட்டும் தொடாமலும் வையுங்கள். கப்பிக்கு முன்னால் எந்தக் காரணத்துக்காகவும் கை போகக் கூடாது, சக்கரம் விரலில் ஏறிவிடும். அடுத்த பரணில் நிற்பவர் கையை அசைத்து "ஃப்ரேனோ" என்பார், பிரேக் என்று பொருள். அப்போது உள்ளங்கையால் கம்பியைக் கீழ்நோக்கி அமுக்குங்கள். விரல்களால் கம்பியைக் கெட்டியாகப் பிடித்தால் உடம்பு முன்னே போகக் கை பின்னே நிற்கும், தோள் சுளுக்கிவிடும். அமுக்குவது, பிடிப்பதல்ல.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு சீக்கிரமே அமுக்கிவிடுவது. பரணுக்குப் பத்து மீட்டர் முன்பே நின்றுவிடுவார்கள். நின்றால் பதற வேண்டாம். பின்பக்கமாகத் திரும்பி, இரண்டு கையாலும் கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்து, கிணற்றில் நீர் சேந்துவது போல உங்களையே இழுத்துக்கொண்டு போகலாம். முடியாவிட்டால் வழிகாட்டி வந்து இழுத்துப் போவார்.

இதெல்லாம் வேண்டாம் என்றால், பயணி கை வைக்கவே தேவையில்லாத அமைப்புகளும் இருக்கின்றன. பிரேக்கை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பதிவு செய்யும்போது இந்த ஒரு கேள்வியை மறக்காதீர்கள்.

ஆறு வயது மகனும் 64 வயது அம்மாவும் வருகிறார்கள். அம்மாவுக்கு மூட்டு வலி, கொஞ்சம் பிரஷர். கூட்டிப்போகலாமா?

மகன் வழிகாட்டியோடு சேர்ந்து ஒரே கம்பியில் போவான். எடை குறைவான பிள்ளைகள் தனியாகப் போனால் வேகம் போதாமல் நடுக் கம்பியில் நின்றுவிடுவார்கள், காரணம் அதுதான். சின்ன அளவு ஹார்னஸ் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

அம்மாவுக்கு வயது தடையில்லை. மூட்டுதான் கவலை. கம்பியில் போவது உட்கார்ந்த நிலையில்தான், ஆனால் பரணுக்கு ஏறும் படியும், நடுவே காட்டுப் பாதையில் நடையும் இருக்கும். மொத்தம் எத்தனை படி, எவ்வளவு தூரம் நடை என்று கேட்டுவிட்டு அம்மாவிடமே முடிவை விடுங்கள். பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இதயக் கோளாறு, முதுகு அல்லது கழுத்தில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்றால் வேண்டவே வேண்டாம்.

என் எடை 118 கிலோ. அங்கே போய்த் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட ஒன்றுமில்லை, தம்பி. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எடை வரம்பு உண்டு, பெரும்பாலும் 110 முதல் 125 கிலோவுக்குள் இருக்கும். எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எடையைக் குறைத்துச் சொல்ல மட்டும் வேண்டாம். எடை கூடினால் வேகமும் கூடும், அதற்கேற்ப முன்னாலேயே பிரேக் பிடிக்க அவர்கள் தயாராக வேண்டும். சரியான எண்ணைச் சொன்னால்தான் உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியும்.

முதல் நாள் கடல், மறுநாள் ஜிப்லைன். என்ன உடுத்துவது?

வரிசையை மாற்ற முடியுமானால் மாற்றுங்கள்: முதலில் காடு, பிறகு கடல். அந்த ஊர் வெயில் நம் தோலையும் சுடும். என் கணவர் ஒரு முறை நாள் முழுக்க அலையில் விளையாடிவிட்டு மறுநாள் ஹார்னஸ் மாட்டினார். எரிந்துபோன தொடையில் அந்தப் பட்டை உரச, ஒவ்வொரு பரணிலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

முழங்காலுக்குக் கீழ் வரும் கால்சட்டை, தோள் மூடிய சட்டை, விரல் மூடிய ஷூ. கடற்கரைச் செருப்பு கூடாது, ஒன்று கழன்றால் காட்டுக்குள் போய்த் தேட முடியாது. முடியைப் பின்னிக் கட்டி ஹெல்மெட்டுக்குள் விடுங்கள். துப்பட்டா வேண்டாம். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராது என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். கழற்ற வேண்டாம், அம்மா. சட்டைக்குள் விட்டு, கழுத்துவரை பட்டன் போட்டுக்கொள்ளுங்கள், கொக்கிகளின் பக்கம் வராமல் இருந்தால் போதும். மோதிரத்தை மட்டும் அறையிலேயே வைத்துவிடுங்கள். கண்ணாடிக்குக் கயிறு.

எந்த மாதம் நல்லது? மழையில் நடத்துவார்களா?

பசிபிக் பக்கம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை காய்ந்த காலம், மே முதல் நவம்பர் வரை மழை. செப்டம்பர், அக்டோபரில் மழை கனக்கும். மழைக்காலத்திலும் காலை பெரும்பாலும் வெளுத்திருக்கும், மதியத்துக்கு மேல்தான் கொட்டும். அதனால் எந்த மாதமானாலும் முதல் குழுவில் இடம் பிடியுங்கள். தூறலில் நடத்துவார்கள். நனைந்த கம்பியில் கையுறை வழுக்கும் என்பதால் அன்றைக்குப் பிரேக்கை முன்னாலேயே தொடங்கச் சொல்வார்கள். இடி, மின்னல் என்றால் நிறுத்தியாக வேண்டும். தமரிந்தோ இருக்கும் குவானகாஸ்தே பகுதியில் ஜனவரி, பிப்ரவரியில் பலமான காற்றும் அடிக்கும். அதற்காக நிறுத்தினால் சண்டை போடாதீர்கள்.

ப்ளாயாஸ் டெல் கோகோவில் ஸ்கூபா டைவிங் முடித்து, அன்று மாலையே மான்டேவெர்டே போய்க் காலையில் ஜிப்லைன் என்று திட்டம். சரிதானே?

இல்லை, இதை மாற்றுங்கள். மான்டேவெர்டே சுமார் 1,400 மீட்டர் உயரம். ஆழத்தில் மூச்சுவிட்டபோது உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் உயரத்துக்குப் போனால் குமிழியாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். விமானம் ஏறுவதற்குச் சொல்லும் அதே காத்திருப்பு மலை ஏறுவதற்கும் பொருந்தும்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், அதற்கு மேல் என்றால் குறைந்தது 18 மணி நேரம். இங்கே ஆபத்து ஜிப்லைனில் இல்லை, மலைக்குப் போகும் காரிலேயே இருக்கிறது. மலைக்கு முதலில் போய்வந்து கடைசியில் டைவிங் வையுங்கள், ஊர் திரும்பும் விமானத்துக்கும் அதே இடைவெளி விட்டு.

கம்பியில் போகும்போது விலங்குகள் தெரியுமா?

கம்பியில் இருக்கும்போது அநேகமாகத் தெரியாது. கப்பியின் இரைச்சல் காதை அடைக்கும், இலைகள் பச்சைக் கோடாக ஓடும். பார்ப்பதெல்லாம் பரணில்தான். உங்கள் முறைக்குக் காத்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் போனை எடுக்காமல் மரங்களைப் பாருங்கள். ஊளைக் குரங்குகள் குடும்பமாகக் கிளையில் படுத்திருக்கும், அவற்றின் முழக்கம் கிலோமீட்டர் கணக்கில் கேட்கும். ஸ்லாத், அதாவது கிளையில் தலைகீழாகத் தொங்கி மெல்ல மெல்ல நகரும் விலங்கு, பார்க்க வேண்டும் என்றால் மனுவேல் அன்டோனியோ பக்கம் போங்கள், அங்கே ஈரக்காடு. (அங்குள்ள தேசியப் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.)

குவானகாஸ்தேயில் இருப்பது வறண்ட காடு. பிப்ரவரி, மார்ச்சில் பாதி மரங்கள் இலை உதிர்த்து நிற்கும். "காடு எங்கே?" என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் காலமே பிடிக்கும், கிளைகளுக்கு நடுவே வெகுதூரம் தெரியும். சிவந்த பட்டை மெல்லிய தாளாக உரியும் ஒரு மரம் அங்கே உண்டு. வெயிலில் சிவந்து தோல் உரியும் வெளியூர்க்காரர்களைப் போல இருப்பதால் அதற்குச் "சுற்றுலாப் பயணி மரம்" என்று ஒரு பட்டப்பெயர். அப்புறம், நம் ஊர்ச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்துக்குப் பூர்விகம் இந்த அமெரிக்கக் கண்டப் பகுதிதான். அங்கே அதைச் செனீசரோ என்பார்கள். மாலையில் இலை மூடுவது முதல் எல்லாம் அப்படியே. முதல் முறை அடையாளம் தெரிந்தபோது அதன் அடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். சேலம் சாலையில் அப்பாவோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த நிழல் அது.

சைவச் சாப்பாடு?

"கசாதோ" கேளுங்கள், "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று சேர்த்து. சோறு, பீன்ஸ், வறுத்த வாழைப்பழம், சாலட் வரும். பீன்ஸைத் தாளிக்கப் பன்றிக் கொழுப்புச் சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏறும் முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.

எனக்கு உயரம் என்றாலே கை நடுங்கும். பிள்ளைகளுக்காகத்தான் வருகிறேன். பாதியில் முடியாமல் போனால்?

கிளம்பும் முன் வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள், இது வெட்கப்படுகிற விஷயமே இல்லை. எந்தப் பரண்களில் கீழே இறங்க வழி இருக்கிறது என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் முதல் கம்பி தாழ்வாகவும் குட்டையாகவும் இருக்கும், அது முடிந்ததும் திரும்பிவிடலாம். வழிகாட்டியோடு சேர்ந்து போகவும் பெரியவர்களுக்கு அனுமதி உண்டா என்று விசாரியுங்கள்.

பரண் விளிம்பில் கீழே பார்க்க வேண்டாம். எதிரே இருக்கும் மரத்தைப் பாருங்கள். குதிக்க வேண்டியதில்லை. நாற்காலியில் உட்காருவது போல ஹார்னஸில் முழு எடையையும் இறக்கி உட்காருங்கள், பட்டைகள் இறுகி உங்களைத் தாங்குவது தொடையில் தெரியும். அது தெரிந்த பிறகு காலை மடக்குங்கள். வழிகாட்டி "லிஸ்தோ?" என்று கேட்பார், தயாரா என்று. தயாராகவில்லை என்றால் "நோ" சொல்லுங்கள், காத்திருப்பார்.